வாசல்வரை வந்த இணையம் அடுப்படிக்கு வரவில்லை

வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வைஃபை பற்றியவை. அதனால் டிவி வாங்குவது, கைப்பேசி பழுது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற ஊரில், கேபிள் இழுப்பதும் ரவுட்டர், சிசிடிவி பொருத்துவதும்தான் என் தொழில். தொலைபேசிக் கம்பியில் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் இணையக் காலத்திலிருந்து இதே வேலை. எந்த இணைய நிறுவனத்திடமும் சம்பளம் வாங்குவதில்லை. அதனால் சில இடங்களில் வாய் கொஞ்சம் நீளும்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது இரண்டு மாடித் தெரஸ் வீடு. 300 எம்பிபிஎஸ் வேக இணையம் போட்டிருக்கிறோம். ஹாலில் நன்றாக ஓடுகிறது. பின்னால் நீட்டிக் கட்டிய அடுப்படியிலும் மாடிப் பின்னறையிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் 500-க்கு மாறுங்கள் என்கிறார்கள். மாறலாமா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டாம் டீச்சர். முதலில் கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (ரவுட்டர் பரப்புகிற 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) இணைத்து, ரவுட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகம் பாருங்கள். 250, 280 என்று காட்டினால் நிறுவனம் விற்ற சரக்கு உங்கள் வாசலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே கைப்பேசியோடு அடுப்படிக்குப் போய் மறுபடியும் பாருங்கள். அங்கே 6 காட்டினால், மீதியைத் தின்றது உங்கள் வீட்டுச் சுவர். 500-க்கு மாறினாலும் பெட்டிக்குப் பக்கத்தில்தான் எண் ஏறும். அடுப்படியில் அதே 6 தான். நெட்ஃபிலிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது, எச்டிக்கு 5. ஒரு குடும்பத்துக்கு 300 தாராளம்.

சுவர் என்று சும்மா சொல்லவில்லை. நம் ஊர்த் தெரஸ் வீடு அகலம் குறைந்து நீளம் மிகுந்தது. 20க்கு 70 அடி என்பது சாதாரண அளவு. பெட்டியை முன்ஹாலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் வீட்டின் பின்சுவராக இருந்தது, நீங்கள் நீட்டிக் கட்டிய பிறகு நடுவீட்டுச் சுவராகிவிட்டது. அதில் டைல்ஸ், அதை ஒட்டி ஃபிரிட்ஜ், இப்போது எல்லாரும் போடுகிற அலுமினிய கேபினட். செங்கல் சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சும், உலோகம் திருப்பி அனுப்பிவிடும். மாடிப் பின்னறைக்குப் போகிற சிக்னலோ கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைச் சாய்வாகக் கடக்க வேண்டும். நேராகக் கடப்பதைவிட அது நீளமான வழி.

கைப்பேசியில் தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள். ஆண்டிராய்டு போன் என்றால் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னலின் பலத்தைக் காட்ட டிபிஎம் என்று கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடுமாறாது. மைனஸ் 80 என்றால் வாட்ஸ்அப் எழுத்து போகும், படம் போகாது. 50-லிருந்து 80-க்கு இறங்குவது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் 3 எண் இறங்கினாலே சக்தி பாதியாகிறது. 30 எண் இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. அடுப்படியில் தடுமாறுகிற அந்தக் கைப்பேசி ஹாலில் இருக்கும் டிவியையும் மெதுவாக்கும். ஒரே சேனலில், அதாவது ஒரே அலைப்பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். சிக்னல் குறைந்த கருவி அதே தகவலை வாங்க மற்றவற்றைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அதுவரை மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே மூலையில் இருக்கிற அறையைச் சரிசெய்தால் வீடு முழுக்கவே வேகம் கூடும்.

அடுத்த முறை அழைக்கும்போது வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். "அடுப்படியில் மைனஸ் 67 வர என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "என் ரவுட்டரை உங்கள் அலுவலகத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றும் கேளுங்கள். பார்க்க முடியும். டிஆர்-069 என்ற முறை 2004-லிருந்தே இருக்கிறது. நிறுவனம் கொடுக்கிற ரவுட்டரைத் தூரத்திலிருந்தே மேலாண்மை செய்ய உருவாக்கியது அது. ரவுட்டர் அதற்கேற்றதாக இருந்தால் எந்தக் கருவி எவ்வளவு சிக்னலில் தொங்குகிறது என்பதுகூடத் திரையில் வரும். போனை எடுக்கிற பிள்ளைமேல் கோபப்பட்டுப் பயனில்லை. பாவம், அவருடைய திரையில் விற்கிற பொத்தான்தான் பெரிதாக இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு மெஷ் கருவி (ரவுட்டரோடு சேர்ந்து அதே வைஃபையை வேறு இடத்திலும் பரப்புகிற துணைப் பெட்டி) ஒன்று கூடுதலாகப் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். அதை அடுப்படியில் வைக்காதீர்கள். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அது வாங்குவதும் செத்த சிக்னல், கொடுப்பதும் அதே. மாடிப்படி அடியில், பெட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவில் வையுங்கள். பெட்டியிலிருந்து அதற்கு ஒரு கேட் 6 கேபிள் (நெட்வொர்க் வயர்) இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பெட்டி டிவி கேபினட்டுக்குள் இருக்கிறது. பொருத்த வந்தவர் "வயர் இங்கேதான் வரும்" என்று சொல்லிவிட்டார். இடம் மாற்றவே முடியாதா?
(லூனாஸ் வாசகர்)

பதில்: மாற்றலாம் ஐயா. தூணிலிருந்து உங்கள் சுவர்வரை வருவது கண்ணாடி இழைக் கம்பி, அதாவது ஃபைபர். அது சுவரில் ஒரு சின்னப் பெட்டியில் முடியும். அங்கிருந்து வீட்டுக்குள் எத்தனை அடி போகவேண்டும் என்பது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை; வந்தவருடைய நேரப் பிரச்சினை. வீட்டுக்குள் ஓட்டவென்றே வளைவைத் தாங்கும் இழை இருக்கிறது. ஜி.657 ஏ2 என்ற ரகம் 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தாலும் ஒளி அதிகம் கசியாது. கதவு நிலையை ஒட்டிக் கொண்டுபோனால் கண்ணிலேயே படாது. ஆனால் நீங்களே பிடுங்கி நீட்டிப் பார்க்காதீர்கள். முனையில் தூசி பட்டாலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

செலவில்லாத வழி வேண்டுமென்றால், முதலில் பெட்டியைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். டிவிக்குப் பின்னால் வேண்டாம். மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். மேசை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். ஆண்டெனாக்கள் வெளியே நீட்டியிருக்கிற ரவுட்டர் என்றால் எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்தாதீர்கள். குச்சி ஆண்டெனாவைச் சுற்றிச் சிக்னல் பரவுகிற விதம் உளுந்து வடை மாதிரி. நடு ஓட்டையில் ஆண்டெனா நிற்கிறது. பக்கவாட்டில் நன்றாகப் போகும், நேர் மேலேயும் கீழேயும் குறைவு. மாடி வீடாக இருந்தால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

இழை வந்து சேரும் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருக்கிற வீடுகளுக்கு வேலை இன்னும் சுலபம். இழைப் பெட்டி அதே இடத்தில் இருக்கட்டும். ரவுட்டரை மட்டும் கேபிளில் நடுவீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இரண்டும் ஒன்றாக இருக்கிற பெட்டியைத்தான் இப்போது நிறையப் பேர் கொடுக்கிறார்கள். நிறுவனத்துக்குச் செலவு மிச்சம், பிளக் ஒன்று போதும், பார்க்கவும் அழகு. ஆனால் வைஃபை எங்கே இருக்க வேண்டும் என்பதை ட்ரில் போடுகிற ஆள் முடிவு செய்கிறார். எனக்கு அது பிடிக்காது.

கேள்வி: அண்ணே, நான் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் ஃபைபர் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு வாரத்தில் அதே வீட்டிலிருந்து "ரூமில் லைன் வரல" என்று புகார் வருகிறது. நாங்களும், மேலே இருக்கிற நிறுவனமும் என்ன மாற்றினால் இது குறையும்?
(இளைஞர், சுங்கை பட்டாணி)

பதில்: தம்பி, இந்த மாதத்தின் நல்ல கேள்வி உன்னுடையது. நீயே பாதி பதிலையும் சொல்லிவிட்டாய். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், யார் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள்? பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் தோன்றும். உன்மேல் குற்றம் இல்லை.

2010-ல் யூனிஃபை ஃபைபர் இணையம் வந்த புதிதில் பெரும்பாலான வீடுகளில் ஒரு கணினி, இணையவழி டிவி காட்டும் ஓர் ஐபிடிவி பெட்டி. இரண்டும் ஹாலில். அன்றைக்கு முன்வாசலில் பெட்டி வைத்தது சரிதான். இன்றைக்கு அதே வீட்டில் ஆளுக்கொரு போன், இரண்டு டிவி, கேட்டுக்கு மேல் ஒரு கேமரா, அடுப்படியில் யூடியூப் பார்த்துச் சமைக்கிற பாட்டி. பெட்டி மட்டும் அதே முன்வாசலில். நிறுவனங்கள் தங்கள் பொறுப்பு பெட்டியோடு முடிகிறது என்று நினைக்கின்றன. வாடிக்கையாளர் பணம் கொடுப்பது படுக்கையறையில் படம் பார்க்க. இந்த இடைவெளிதான் உனக்கு வருகிற புகார்.

நிறுவனம் செய்ய வேண்டியது விண்ணப்பம் வாங்கும்போதே ஆரம்பிக்கிறது. பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி கேட்கிறார்களே, அதோடு எத்தனை மாடி, பின்னால் நீட்டிக் கட்டியிருக்கிறீர்களா, எந்த அறையில் அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றும் கேட்டால் என்ன குறைந்துபோகும்? பதிலைப் பார்த்தாலே எந்த வீட்டுக்கு ஒரு பெட்டி போதும், எந்த வீட்டுக்கு மெஷ் கருவியும் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் நீ வெறுங்கையோடு போய், "ஆன்லைனில் வாங்கிக்கங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வருவாய். அவரும் ஷாப்பியில் பார்த்து எதையோ வாங்கி மாட்டுவார். அடுத்த புகார் உனக்குத்தான்.

பொருத்தும் நாளில், ட்ரில் எடுக்கும் முன் வீட்டைப் பின்வாசல்வரை நடந்து பார். அதற்குத் தனிக் கூலி நிறுவனம் கொடுக்க வேண்டும். பொருத்தி முடித்த பிறகு மூன்று இடத்தில் அளவு எடு: ஹால், அடுப்படி, மாடியில் பெட்டிக்குத் தூரமான அறை. டிபிஎம் எண், வேகம், இரண்டையும் வேலைத் தாளில் எழுது. அந்த மூன்று எண் இல்லாமல் வேலை முடிந்ததாக நிறுவனம் ஏற்கக் கூடாது. இப்போது வேலைத் தாளில் என்ன இருக்கிறது? இழையின் ஒளி அளவு, மோடம் சீரியல் எண், கையெழுத்து. அடுப்படி எங்கேயும் இல்லை. ஒரு வீட்டுக்கு மறுபடி வண்டி அனுப்பும் செலவைக் கணக்குப் போட்டால் இந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்கிற கூலி ஒன்றுமே இல்லை. கணக்குப் பிரிவு ஆளிடம் அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.

அளவு எடுக்கும்போது ஒன்றைக் கவனி. பெட்டி சக்தியாகக் கத்தும், கைப்பேசி மெல்லத்தான் பேசும். அதனால் கைப்பேசியில் கோடு நிறையத் தெரிந்தாலும் மேலே அனுப்புகிற வேகம் படுத்திருக்கலாம். இறக்குவதை மட்டும் பார்க்காமல் ஏற்றுகிற வேகத்தையும் பார். மாணவர்கள் கூகுள் மீட்டில் வாயைத் திறந்தால் துண்டு துண்டாகக் கேட்பது இதனால்தான்.

பிரிட்டனில் பிடி என்ற நிறுவனம் வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் வைஃபை வரும், வராவிட்டால் பணம் திரும்ப என்று ஒரு திட்டமே விற்றிருக்கிறது. அறைக்குக் கருவி அனுப்பியும் சரிவராவிட்டால் நஷ்டம் அவர்களுடையது. சீனாவில் ஒவ்வோர் அறைக்கும் இழையையே கொண்டுபோகிறார்கள். சுவரில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை. நமக்கு உடனே அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் ஒரு கேட் 6 கேபிள் இழுத்துத் தருவதையாவது மாதக் கட்டணத்தில் சேர்த்து விற்கலாம். வீடு கட்டும் டெவலப்பர்களோடு பேசி, புதுத் தாமான்களில் (குடியிருப்புகளில்) ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு காலிக் குழாய் போட்டு வைக்கச் சொல்லலாம். சுவருக்குள் குழாய் இருந்தால் பிறகு எது வேண்டுமானாலும் இழுக்கலாம்.

இன்னொரு விஷயம். வெவ்வேறு கம்பெனி மெஷ் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஈஸிமெஷ் என்ற பொதுத் தரம் 2018-லேயே வந்துவிட்டது. நிறுவனம் கொடுக்கிற பெட்டியில் அது இருந்தால் வாடிக்கையாளர் தாமாக வாங்குகிற கருவியும் ஒட்டிக்கொள்ளும். நிறுவனங்களுக்கு அதில் அவசரம் இல்லை. தங்கள் மெஷ்ஷையே வாடகைக்கு விட வேண்டுமே.

நீ இன்றைக்கே செய்யக்கூடியது: மூன்று எண்ணையும் உன் போனில் படமாக எடுத்து வாடிக்கையாளருக்கும் மேலாளருக்கும் அனுப்பு. யாரும் கேட்காவிட்டாலும் அனுப்பு. புகார் வந்தால் அந்தப் படம் உன்னைக் காப்பாற்றும்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சின்ன வெள்ளை வைஃபை ரிப்பீட்டர் விற்கிறார்கள், சுவர் பிளக்கில் செருகினால் போதுமாம். வாங்கலாமா?
(இல்லத்தரசி, பீடோர்)

பதில்: மலிவு ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் (சிக்னல் வாங்கி அனுப்புகிற பாகம்) வாங்கி, அதே ரேடியோவில் அனுப்பும். வேகம் பாதியாகும், அதுவும் நல்ல நாளில். உங்கள் தேவை பின்வாசல் கேமராவும் வாட்ஸ்அப்பும் மட்டும் என்றால் வாங்குங்கள் அக்கா, குறை சொல்ல மாட்டேன். படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் அந்த வெள்ளியைச் சேர்த்து வைத்து மெஷ் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் இரவு எட்டு மணிக்கு மேல் வைஃபை ஊர்கிறது. காலையில் பறக்கிறது.
(ஓய்வுபெற்ற மண்டோர், தெலுக் இந்தான்)

பதில்: உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எத்தனை ரவுட்டர் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள் ஐயா. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இரவில் தெருவே அந்த மூன்றில் அடித்துக்கொள்கிறது. டிவியையும் புதுப் போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது அதிகத் தூரம் போகாது. அடுத்த வீட்டுத் தொல்லையும் அதனாலேயே குறைவு. 2.4-ஐ ரவுட்டர் அமைப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் வைத்துக் கேமராவுக்கும் பழைய போனுக்கும் விட்டுவிடுங்கள். கேபிளில் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தாலும் இரவில் மெதுவாகவே இருந்தால் குறை வைஃபையில் இல்லை, லைனில். அப்போது நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். புகார் எண் இல்லாமல் எழுதினால் திருப்பி அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: தோட்டத்துப் பலகை வீட்டில் இருக்கிறோம். ஃபைபர் கிடையாது, சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். ஒரு மூலையில்தான் எடுக்கிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை.
(பெஸ்தாரி ஜெயா அருகிலிருந்து)

பதில்: நம்ம ஊர்க் கேள்வி. 1917-ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது நம் பக்கத்துத் தென்னமரத்தில்தான். இத்தனை ஆண்டுக்கு அப்புறமும் அந்தச் செம்பனைக்கு நடுவில் கோபுரத்தைத் தேடுகிறோம்.

உங்களுக்குப் பலகைச் சுவர் எதிரி இல்லை, வைஃபை அதைச் சுலபமாகக் கடக்கும். தகரம்தான் தடை. தகரக் கூரையும் பக்கத் தகரமும் கோபுரத்திலிருந்து வருகிற 4ஜி சிக்னலைத் திருப்பிவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். அது கோபுரச் சிக்னலின் பலம்; வைஃபைக்குச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. மைனஸ் 80 பக்கம் நல்லது, மைனஸ் 110 மோசம். ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சன்னலாக வைத்துப் பாருங்கள். நல்ல எண் வருகிற சன்னல் வீட்டின் ஓரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே வையுங்கள். கோபுரச் சிக்னல்தான் மூலதனம். அங்கிருந்து வீட்டுக்குள் பரப்புவது சின்ன வேலை. ஈரமான செம்பனை மட்டை சிக்னலைக் குடிக்கும், மழையில் குறைவது அதனாலும்தான்.

வெளி ஆண்டெனா செருகுகிற துளை உள்ள ரவுட்டர் கிடைத்தால் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து உயரத்தில் ஆண்டெனா கட்டலாம். ஆனால் நம் பக்கத்து இடி மின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்குச் சரியான எர்த் போடாமல் ஏற்றாதீர்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: பின்னால் மகனுக்குத் தனி வீடு கட்டியிருக்கிறோம். ஒரே லைனை இரண்டு வீட்டுக்கும் பயன்படுத்த வெளியே கேபிள் இழுத்தேன். மின்னலில் இரண்டு ரவுட்டரும் போய்விட்டன. மறுபடி அதே கேபிளா?
(காப்பார் வாசகர்)

பதில்: வேண்டாம் ஐயா. வெளியே ஓடுகிற செப்புக் கேபிள் மின்னலுக்கு வழி காட்டுகிறது. பக்கத்தில் எங்கேயாவது இறங்கினாலே போதும், அந்தக் கேபிளில் ஏறி இரண்டு முனையிலும் இருப்பதைக் கருக்கிவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஃபைபர் இழுங்கள். உலோகக் கம்பி சேராத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. முனை போட்டே விற்கிற கேபிள் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் சாதாரண நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி), மகன் வீட்டில் அதற்குப் பின்னால் ஒரு ரவுட்டர். கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். புல்வெட்டும் இயந்திரம் மின்னலைவிட அடிக்கடி வரும்.